கங்காணியும் வழிகாட்டியும்
வன்னிக் குடியேற்ற வரலாறு கூறும் பாடம்

காடு வெட்டி நிலம் திருத்திய உடனே ஊர் உண்டாகிவிடும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நிலமும் நீரும் வித்தும் மண்வெட்டியும் இருந்தாற் போதும், மனிதன் எங்கும் வாழ்ந்துகொள்வான் என்பது அவர்தம் கருத்து. ஆனால், வன்னியின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலப்படும். புதிதாக ஓர் ஊருக்கு வந்த குடும்பத்துக்கு நிலம் எவ்வளவு தேவையோ, அந்நிலத்தின் இயல்பை எடுத்துரைக்கும் ஒருவருடைய துணையும் அவ்வளவு தேவை. எந்த மாதத்தில் விதைப்பது, எந்தக் கிணற்று நீர் உவர், பாம்பு தீண்டினால் எந்தப் பரியாரியிடம் ஓடுவது, எந்தக் கந்தோரில் எந்தப் பத்திரத்தைக் கொடுப்பது என்பவற்றை நிலம் தானாகச் சொல்லாது, மனிதரே சொல்லவேண்டும்.

அவ்வாறு சொல்ல முன்வந்தோர் நம் நாட்டு வரலாற்றில் இரு வகையினர். ஒரு வகையினர் புதியவரின் அறியாமையைத் தமக்கு மூலதனமாக்கிக் கொண்டனர். மற்றை வகையினர் அவ்வறியாமையைப் போக்கித் தம் துணை இனி வேண்டாத நிலைக்கு அவரை உயர்த்தினர். முதல் வகையினருக்குக் கங்காணி என்பது வரலாறு இட்ட பெயர். இரண்டாம் வகையினரை வழிகாட்டி என்போம். தொடக்கத்தில் இருவரும் ஒருவர் போலவே தோன்றுவர். அவர்கள் எவ்விடத்தில் வேறுபடுகின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிராமத்தொண்டு செய்ய விழையும் வாலிபர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

குளம் ஆக்கிய ஊர்

வன்னியின் பழைய ஊர் குளத்தால் ஆனது. செட்டிகுளம், பாவற்குளம், நெடுங்கேணி, விசுவமடு என வரும் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழை சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்குக் குளத்து நீரே கதி. மழையை நம்பிச் செய்வது காலபோகம். குளத்தில் மிஞ்சிய நீரை அளந்து செய்வது சிறுபோகம். ஆகவே குளக்கட்டு உடைந்தால் ஊர் உடைந்தது. துருசு திறக்கும் முறை பிழைத்தால் அயலவரிடையே பகை மூண்டது.

இதனால் நீரைப் பற்றிய ஒழுங்குகளைக் கவனிக்க ஊரிலே ஒருவர் வேண்டியிருந்தார். அவரே வட்டவிதானை. விதைப்புக்கு முன்னர்க் கமக்காரரைக் கூட்டுதல், வேலி அடைக்கும் நாளைக் குறித்தல், குளக்கட்டைத் திருத்தும் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தல், எவருடைய வயலுக்கு எப்போது நீர் பாய்வது என்று தீர்த்தல் ஆகியன அவருடைய கடமைகள். அவருக்குரிய வேதனம் விளைவிலிருந்து நெல்லாகவே கொடுக்கப்பட்டது. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் வயல் முழுவதையும் செய்யாது, குளத்தை அடுத்த பகுதியை மாத்திரம் எல்லாருக்கும் பங்கிட்டுச் செய்யும் வழக்கமும் இருந்தது. தன் வயல் மேலே இருப்பதால் தானே முழு நீரையும் கொள்வேன் என்று எவரும் சொல்ல இயலாது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நீர்ப்பாசனச் சட்டம் இத்தகைய பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றது.

வட்டவிதானைக்குப் பின்னால் ஊரின் முதியோர் இருந்தனர். எந்த ஆண்டில் குளம் வான் பாய்ந்தது, எந்த ஆண்டில் எந்த இடத்தில் கட்டு உடைந்தது, எந்த நிலத்தில் எந்த நெல் நிற்கும் என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் இருந்தன. அக்காலத்தில் அந்நினைவே ஊரின் புத்தகம். திருமணஞ்செய்து புதிதாக வந்த மருமகனும், பஞ்சத்தால் வேறூரிலிருந்து வந்தவனும் அப்புத்தகத்திற் பாடங் கேட்டே கமக்காரராயினர். புதியவர் கேட்டார், முதியவர் சொன்னார். அதனால் புதியவர்க்குப் பிழைப்பும் முதியவர்க்கு மதிப்பும் ஒருங்கே கிடைத்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையை வாசகர் இங்கே மனத்திற் கொள்ளவேண்டும்.

வன்னிக் காட்டைக் கடந்தவர்கள்

இனிக் கங்காணியின் வரலாற்றைப் பார்ப்போம். 1820களில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. அவற்றில் உழைப்பதற்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையிலே இறங்கிய அவர்கள், அங்கிருந்து வன்னிக் காட்டை ஊடறுத்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். காய்ச்சலாலும் பேதியாலும் பட்டினியாலும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். அந்நெடும் பயணத்தை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று நிகழ்ந்தது.

அன்று அவர்களை அழைத்துவந்தவன் கங்காணி. அவன் பெரும்பாலும் அவர்களுடைய ஊரவன், சிலவேளை உறவினன். வழி தெரிந்தவன், துரையின் மொழி சிறிதளவேனும் அறிந்தவன். புறப்படுமுன் கைக்கு முற்பணம் கொடுத்தவனும் அவனே. நோயுற்றால் விசாரித்தவனும், வழக்கு வந்தால் தீர்த்தவனும் அவனே. இவ்வளவில் அவன் வழிகாட்டியே. ஆனால், முற்பணம் கடனாயிற்று, கடன் கணக்காயிற்று, அக்கணக்கோ அவன் கையில் இருந்தது. பிரட்டுக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளி வேறு தோட்டம் போக விரும்பினால், அவன் பேரிலுள்ள கடனைக் குறித்த துண்டு ஒன்று வழங்கப்படும். அத்தொகையைக் கட்டும் தோட்டமே அவனைப் பெற்றுக்கொள்ளும். மனிதனோடு கடனும் கைமாறியது; கடனோடு மனிதனும் கைமாறினான். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கங்காணிமார் எல்லாரும் கொடியர் அல்லர். தம் கூட்டத்தினரைப் பிள்ளைகளைப் போலக் காத்தவரும் அவர்களுள் இருந்தனர். எனினும் குறை தனி மனிதரிடம் இருந்ததிலும் முறையிலேயே மிகுதியும் இருந்தது. அந்த முறையிற் புதியவனின் அறியாமை நீங்கினால் கங்காணியின் வருமானமும் நீங்கும். ஒருவன் என்றும் புதியவனாகவே இருப்பதில் மற்றொருவனுக்கு ஆதாயம் இருக்குமாயின், அங்கே வழிகாட்டல் எவ்வாறு நிலைக்கும்?

அரசாங்கக் குடியேற்றங்கள்

இருபதாம் நூற்றாண்டில் வரண்ட பிரதேசத்துக்கு மக்களை அனுப்பும் பணியை அரசாங்கமே மேற்கொண்டது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் இதற்கு அடிகோலியது. நிலமற்ற குடும்பங்களுக்கு வயற்காணியும் மேட்டுக்காணியும் பேர்மிற்றில் வழங்கப்பட்டன. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் குடியேறின. 1940களின் நடுப்பகுதியிலிருந்து தெளிக்கப்பட்ட டீ.டீ.ரி. மருந்து மலேரியாவின் கொடுமையைத் தணித்தமையால் காட்டோர வாழ்வு முன்னையிலும் எளிதாயிற்று. அந்நோய் இலங்கையிலிருந்து முற்றாக ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்றளித்தது.

இக்குடியேற்றங்களுக்கென உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டனர். அவர்கள் வித்துக் கொடுத்தனர், கடன் கொடுத்தனர், விதிகளை எடுத்துரைத்தனர். ஆயினும் ஒரு குறை இருந்தது. காணி பெற்றவை இளங் குடும்பங்கள். முதியோரோ பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டனர். இதனால் இரண்டு இடத்திலும் இடர் நேர்ந்தது. பழைய ஊரில் முதியோரைப் பேணுவார் குறைந்தனர். புதிய ஊரிலோ மருத்துவிச்சி இல்லை, பரியாரி இல்லை, சண்டையைச் சமாதானஞ் செய்யும் பெரியவர் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லை. பல ஊர்களிலிருந்து வந்தோர் ஒருவரையொருவர் அறியார். உத்தியோகத்தர் நல்லவராயினும் இடமாற்றம் பெற்றுச் செல்பவர். ஊரின் நினைவு அவரிடம் தங்காது.

1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்கள் ஏற்பட்டன. பாடசாலை விட்ட இளைஞர் மண்வெட்டி பிடித்தனர். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்ட அந்நாட்களில் அவர்கள் நல்ல பயன் கண்டனர். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை வீழ்ந்து பலர் நட்டமடைந்தனர். உழைப்பு மாத்திரம் போதாது, சந்தையின் போக்கை எடுத்துரைப்பாரும் வேண்டும் என்பதை இது காட்டிற்று.

மலையிலிருந்து வன்னிக்கு

மன்னார்க் கரையிலிருந்து வன்னியைக் கடந்து மலைக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள், நூற்றைம்பது ஆண்டளவில், மலையிலிருந்து அதே வன்னிக்குத் திரும்பிவர நேர்ந்தது. அதன் காரணங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட உணவுப் பஞ்சம் தோட்ட மக்களைக் கொடிதாக வாட்டியது. பின்னர், 1977ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிகழ்ந்த இனவன்செயலால் வீடும் தொழிலும் இழந்தோர் பலர் வவுனியாவை நோக்கி வந்தனர்.

இவர்களுடைய நிலையைச் சற்றுச் சிந்திப்போம். தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. நெல்லோ மாதக்கணக்காகக் காத்திருந்து அறுப்பது. தோட்டத்தில் உழைத்தால் மாதக் கூலி வரும். வயலில் உழைத்தால் அறுவடை வரை ஒரு சதமும் வராது. மலையிற் குளிரும் மழையும். வன்னியில் வெயிலும் வரட்சியும் யானையும் பாம்பும். தோட்டத்திற் காலையிற் பிரட்டுக் கூடும்போது அன்றைய வேலையை மற்றவர் சொல்வார். இங்கே அன்றைய வேலையைத் தாமே தீர்மானிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டளைக்குப் பழக்கப்பட்டவருக்கு இவ்விடுதலையே முதலிற் பாரமாயிருந்ததில் வியப்பில்லை.

அறுவடை வரையிலான பட்டினி மாதங்களே பெருங் கண்ணி. அந்த மாதங்களிற் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகக் குடும்பத் தலைவன் அயலிலுள்ள பெரிய கமக்காரனிடம் நாட்கூலிக்குப் போவான். அதனால் தன் காணியின் காடு வெட்டப்படாமற் கிடக்கும். அடுத்த போகத்துக்கும் அதே கதை. இவ்வாறு நிலத்துக்கு வந்தவன் நிலமுள்ளவனின் கூலியாளாகவே நின்றுவிடுவான். தோட்டத்துக் கங்காணியை விட்டு வந்தவனை இங்கே வேறொரு பெயரிற் கங்காணி எதிர்கொள்வான். இந்தக் கண்ணியிலிருந்து காப்பதற்கு உபதேசம் மாத்திரம் போதாது. அறுவடை வரை உணவும், கையில் வித்தும், பக்கத்தில் அறிந்தவர் ஒருவரும் வேண்டும்.

காந்தீயத் தொண்டர்

இத்தேவையை உணர்ந்தவருள் இருவரை இங்கு நன்றியோடு நினைவுகூர்தல் தகும். ஒருவர் எஸ். ஏ. டேவிட். 1924ஆம் ஆண்டிற் பிறந்த இவர், கட்டடக்கலை பயின்று, கென்யா நாட்டு மொம்பாசா முதலிய இடங்களிற் கடமையாற்றியவர். மற்றவர் வவுனியாவில் வைத்தியத் தொழில் புரிந்த டாக்டர் எஸ். இராஜசுந்தரம். இருவரும் வசதியாக வாழத்தக்க தொழில் உடையோர். அவர்கள் 1976ஆம் ஆண்டில் காந்தீயம் என்னும் அமைப்பைத் தொடங்கி, வவுனியாவை மையமாகக் கொண்டு கிராமப்பணி ஆற்றினர். 1977இன் பின் அகதிகளாக வந்த மலையகக் குடும்பங்களை வன்னிக் கிராமங்களிற் குடியமர்த்துவது அப்பணியின் பெரும்பகுதியாயிற்று.

அவர்களுடைய வேலைமுறை கவனிக்கத்தக்கது. கிராமத்து இளம் பெண்களையே தெரிந்து, பயிற்சியளித்து, அவர்கள் வாழும் ஊர்களிலேயே சிறுவர் பள்ளிகளை நடத்தச் செய்தனர். அங்கே குழந்தைகளுக்குப் பால் முதலிய ஊட்ட உணவும் கிடைத்தது. தாய் காடு வெட்டப் போகும்போது பிள்ளைக்குப் பாதுகாப்பும் உணவும் உண்டு என்றால், அந்தக் குடும்பம் தன் காணியிற் காலூன்றலாம். முன்னே குடியேற்றங்களிற் பாட்டி இல்லாத குறையைச் சொன்னோம். அக்குறையை ஓரளவுக்கேனும் நிரப்பியவை இச்சிறுவர் பள்ளிகள். மேலும், வெளியிலிருந்து ஒருவர் வந்து என்றும் தலைவராயிருக்கும் முறை இதுவன்று. ஊரவருள் ஒருவரே ஊருக்குத் துணையாகும் முறை இது. கங்காணிக்கும் வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது.

இப்பணி நீடிக்கவில்லை. 1983ஆம் ஆண்டு ஏப்ரிலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த இரண்டாவது படுகொலையில் டாக்டர் இராஜசுந்தரம் உயிரிழந்தார். உயிர்தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பரில் நிகழ்ந்த சிறையுடைப்பின்போது வெளியேறினார். பின்னர் நெடுங்காலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015ஆம் ஆண்டிற் கிளிநொச்சியிற் காலமானார். அவர்கள் குடியமர்த்திய குடும்பங்களுள் பலவும் போர்க்காலத்தில் மீண்டும் இடம்பெயர்ந்தன.

இன்றைய நிலை

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் வன்னி மக்கள் மீண்டும் குடியமர்ந்தனர். ஆயினும் பழைய கேள்வி தீரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமையை எளிதாக்கியது. ஆனால் பிரசாவுரிமை வேறு, காணியுரிமை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மலையகத்திலிருந்து வந்தோரின் சந்ததியார் பலர், பல்லாண்டு உழைத்தும் காணிப் பத்திரமோ வயல் நீரோ இல்லாமற் கூலிவேலையையே நம்பி வாழ்கின்றனர். அவர்களை இன்னும் வந்தேறியவர் என்றே நோக்கும் கண்களும் நம்மிடையே இல்லாமலில்லை. வன்னியிற் குடியேறிய யாழ்ப்பாணத்தவரும் ஒருநாள் புதியோரே என்பதை நாம் மறத்தலாகாது.

முதியோர் நிலையும் நன்றாயில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, வீட்டைக் காத்துத் தனித்திருக்கும் முதியவர் இன்று ஊர்தோறும் உளர். அவர்களுக்குப் பணம் வரலாம், பேச்சுத்துணை வருவதில்லை. அவர்கள் அறிந்த குளத்தின் கதையையும் மண்ணின் குணத்தையும் கேட்பார் இல்லை. அதே ஊரின் மறுகோடியிலோ, அவ்வறிவு இல்லாமையால் விதைத்ததை இழந்து நிற்கும் புதிய குடும்பம் இருக்கின்றது. ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. இருவரையும் ஒரு திண்ணையில் இருத்துவார்தாம் வேண்டும்.

வாலிபர்க்கு ஒரு வார்த்தை

வாலிப அன்பர்களே! இப்பணிக்குப் பெரும் பொருள் தேவையில்லை. சங்கத்து அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரையும் ஒரு புதிய குடும்பத்தையும் தம் பொறுப்பாகக் கொள்ளலாம். முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாம். அவர் சொல்லும் ஊர்ச் செய்திகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். புதிய குடும்பத்தின் பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தும் வழியைக் காட்டலாம். பிரதேச செயலகத்துக்கு மனு எழுதப் பழக்கலாம். கமக்கார அமைப்பிற் சேர உதவலாம். எழுதிக் கொடுப்பதிலும் எழுதப் பழக்குவதே மேல். எழுதிக் கொடுத்தால் மறுமுறையும் நம்மிடம் வருவார். எழுதப் பழகினால் அயலவருக்கும் எழுதிக் கொடுப்பார்.

தொண்டு செய்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. கணக்கு யார் கையில் இருக்கின்றது? நாம் இல்லாவிடில் இவ்வேலை நின்றுவிடுமா? நம் துணை பெற்றவர் நம் முன்னே நிமிர்ந்து நின்று மறுத்துப் பேசக் கூடியவரா? கணக்கு நம் கையிலேயே இருந்து, வேலையும் நம்மாலேயே நடந்து, அவரும் நம் முன்னே வாய் பொத்தி நிற்பாராயின், நம் எண்ணம் எவ்வளவு தூயதாயினும் நாம் கங்காணியின் வழியிலேயே செல்கின்றோம் என்பதை அறிதல் வேண்டும்.

முதியோரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் நினைவிலுள்ளது ஊரின் பொதுச்சொத்து. வாசலுக்கு வந்த புதியவரிடம் எந்த ஊர், யாருடைய ஆள் என்று கேட்பதை நிறுத்தி, என்ன விதைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியினாலேயே அவர் ஊரவர் ஆகத் தொடங்குவார்.

அன்று வந்த புதியவர், தமக்குப்பின் வரும் புதியவருக்குத் துருசையும் வாய்க்காலையும் காட்டி, இந்த மாதத்தில் விதை என்று சொல்லும் நாளும் வரும். அன்றே வழிகாட்டியின் வேலை முடிந்தது. ஊரின் வாழ்வு தொடங்கிற்று.